கார்ல போயிடலாமா, ட்ரெயினா? ஊருக்குக் கிளம்பும் முன் போட வேண்டிய இன்னொரு கணக்கு!

"பொங்கலுக்கு எல்லாரும் எப்படி வர்றீங்க? கார்லயா, ட்ரெயின்லயா?"

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வருடத்துக்கு இரண்டு முறை இந்தக் கேள்வி வந்து விழும். ஒருமுறை தீபாவளிக்கு, ஒருமுறை பொங்கலுக்கு. அடுத்த பத்து நிமிடத்தில் அக்கா வீட்டுக்காரர் பெட்ரோல் கணக்கோடு வருவார். சித்தப்பா ஐ.ஆர்.சி.டி.சி ஸ்கிரீன்ஷாட் போடுவார். அம்மா மட்டும், "எதுல வந்தாலும் பத்திரமா வந்து சேருங்க" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். இவ்வளவுக்கும், அம்மா இருப்பதும் எங்களோடு சென்னையில்தான். அவரும் எங்களோடுதான் கிளம்பியாக வேண்டும்!

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். உங்கள் ஊர் மதுரையாக இருக்கலாம், நாகர்கோவிலாக இருக்கலாம், கோவையாகவும் இருக்கலாம். வாக்குவாதம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். பணம், நேரம், லக்கேஜ் என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்ப்போம். ஒரு விஷயத்தை மட்டும் கணக்கிலேயே எடுக்க மாட்டோம். அதை நாங்கள் எப்படித் தெரிந்துகொண்டோம் என்று பிறகு சொல்கிறேன். முதலில் எல்லாரும் போடுகிற கணக்கையே போட்டுவிடுவோம்.

பர்ஸ் என்ன சொல்கிறது?

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குச் சாலை வழியாக சுமார் 630 கிலோமீட்டர். உங்கள் கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 40 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் பெட்ரோலுக்கு மட்டும் 4,000. ஏ.சி போட்டு, நாலு பேரும் டிக்கி நிறைய சாமானும் ஏறி, செங்கல்பட்டு வரை ஃபர்ஸ்ட் கியரிலேயே ஊர்ந்தால் அந்த 16 கிலோமீட்டரும் கிடைக்காது. அதற்கு மேல் டோல். நாங்கள் வழக்கமாகப் போகிற வழியில் பரனூரில் தொடங்கி ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி, கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர் என்று பதினோரு சாவடிகள். வழியில் சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்தால் ஒரு வழிக்கு ஐயாயிரத்தைத் தாண்டிவிடும்.

ரயிலில் இதே தூரத்துக்கு ஸ்லீப்பர் டிக்கெட் 400 ரூபாயை ஒட்டி. தேர்ட் ஏ.சி ஆயிரத்தைக் கொஞ்சம் தாண்டும். நாலு பேர் ஸ்லீப்பரில் போனால் 1,600 ரூபாய். தேர்ட் ஏ.சி என்றால் நாலாயிரத்துச் சொச்சம். வீட்டிலிருந்து எழும்பூருக்கு ஒரு கால் டாக்ஸி, ஜங்ஷனிலிருந்து ஊருக்கு ஒரு ஆட்டோ அல்லது வேன் என்று இரண்டு பக்கமும் சேர்த்துப் பார்த்தால், நாலு பேர் தேர்ட் ஏ.சி-யில் போவதற்கும் காரில் போவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவரோ இருவரோ என்றால் ரயிலுக்குப் பக்கத்திலேயே கார் வர முடியாது. ஐந்து பேர் என்றால் கார் ஜெயிக்கும்.

இடையில் ஒரு சின்ன விஷயம். ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமானது. சொந்த காருக்கு ஒரு வருடம் அல்லது 200 முறை, எது முதலில் முடிகிறதோ அதுவரை. அப்படிப் பார்த்தால் ஒரு சாவடிக்கு 15 ரூபாய்தான். பதினோரு சாவடிக்கும் சேர்த்து 165. ஒருமுறை ஊருக்குப் போய்த் திரும்பினால் 22 குறையும். ஆக, ஒன்பது முறை போய் வரலாம். வருடத்துக்கு மூன்று, நான்கு தடவை ஊருக்கு ஓடுகிற குடும்பம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மாநில அரசின் சாலைகளில் உள்ள சாவடிகளுக்கு மட்டும் இது செல்லாது.

ஊரில் போய் இறங்கிய பிறகு கதை வேறு. கார் கையில் இருந்தால் ஒருநாள் திருச்செந்தூர், ஒருநாள் பாபநாசம், நடுவில் இரண்டு கல்யாண வீடு, ஒரு துட்டி வீடு என்று இஷ்டத்துக்குச் சுற்றலாம். திரும்பும்போது ஆச்சி கொடுத்துவிடுகிற அரிசி மூட்டையையும், தேங்காயையும், வாழைத்தாரையும் ரயிலில் ஏற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் டிக்கியின் அருமை தெரியும். அதனால் 'கார் வேஸ்ட்' என்றெல்லாம் ஒரு வரியில் முடித்துவிட முடியாது.

எத்தனை மணி நேரம் என்று கேட்காதீர்கள்

மேப்பில் தட்டினால் பத்து, பத்தரை மணி நேரம் என்று காட்டும். ரயிலும் இரவில் கிட்டத்தட்ட அதே பத்து, பதினோரு மணி நேரம்தான் எடுக்கிறது. "அப்போ ரெண்டும் ஒண்ணுதானே, கார்லயே போயிடலாம்" என்று எங்கள் அத்தான் சொல்வது இதை வைத்துத்தான்.

ஆனால், நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு எட்டு, எட்டரைக்கு ஏறுகிறீர்கள். சப்பாத்தியோ புளியோதரையோ சாப்பிட்டுவிட்டு பத்து மணிக்குப் படுக்கிறீர்கள். விடியற்காலை கோவில்பட்டி தாண்டும்போது யாராவது எழுப்பிவிடுவார்கள். 11 மணி நேரப் பயணத்தில் நீங்கள் விழித்திருந்தது மூன்று மணி நேரம்கூட இருக்காது. காரில் அதே 11 மணி நேரமும் ஒருவர் விழித்தே ஆக வேண்டும். விழித்திருந்தால் மட்டும் போதாது, கண், கை, கால் எல்லாம் வேலை செய்ய வேண்டும். மற்றவர்களும் சும்மா இல்லை. கழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று அரைத் தூக்கம்தான்.

ஆகவே, எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை விட்டுவிட்டு, ஓட்டப்போகிறவர் எத்தனை மணி நேரமாகத் தூங்காமல் இருக்கப்போகிறார் என்று கேளுங்கள். நாம் எடுக்காமல் விடுகிற கணக்கு இதுதான்.

இது எங்களுக்கும் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. சில வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளி. அத்தானுக்குச் சாயங்காலம் ஆறு மணி வரை ஆபீஸ். வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, சாமான் ஏற்றி ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். பெருங்களத்தூரில் தொடங்கிய நெரிசல் செங்கல்பட்டு வரை விடவில்லை. பரனூர் தாண்டும்போது மணி பதினொன்றரை. 'விட்டதைப் பிடிக்கணும்' என்ற அவசரம் வேறு. உளுந்தூர்பேட்டையில் ஒரு டீ, அவ்வளவுதான் நிறுத்தம்.

முன்சீட்டில் இருந்தது நான். அத்தானுக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டியது என் வேலை. திருச்சி தாண்டியதும் நானே தூங்கிவிட்டேன்.

துவரங்குறிச்சிக்குப் பக்கத்தில், நாலரை மணி இருக்கும். "மாப்பிள்ளை!" என்று அம்மா பின்னாலிருந்து போட்ட சத்தத்தில்தான் எனக்கு முழிப்பு வந்தது. வண்டி இடதுபக்க வெள்ளைக் கோட்டைத் தாண்டி மண்ணில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் பின்விளக்கு எரியாமல் ஒரு லாரி ஓரமாக நின்றுகொண்டிருந்தது. அத்தான் ஸ்டீயரிங்கை ஒடித்து, வண்டியைச் சாலைக்கு ஏற்றி, மெதுவாக்கி நிறுத்தினார். அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது, அவரும் அந்தச் சத்தத்தில்தான் கண் விழித்திருக்கிறார்.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பின்சீட்டில் அக்கா பையன் எழுந்திரிக்கக்கூட இல்லை. "சடவா இருக்குன்னா சொல்லக் கூடாதா மாப்பிள்ளை, நாம என்ன ரயிலையா பிடிக்கப்போறோம்?" என்று அம்மா கேட்டார். அத்தான் பதில் சொல்லவில்லை. வெளிச்சம் வரும்வரை ஒரு டீக்கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம்.

அன்றைக்கு அவர் காலை ஆறு மணிக்கு எழுந்தவர். நாலரை மணிக்கு அவர் விழித்து இருபத்திரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது.

குடித்துவிட்டு ஓட்டுவதும் தூங்காமல் ஓட்டுவதும்

1997-ல் 'நேச்சர்' அறிவியல் இதழில் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு வெளியானது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கை-கண் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவிகிதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்றது அது. 24 மணி நேரம் என்றால் 0.10 சதவிகிதத்துக்குச் சமம். நம் நாட்டில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். அதாவது 0.03 சதவிகிதம்.

இதை நம் வீட்டுக் கணக்கில் போட்டுப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு எழுந்து, ஆபீஸ் போய் வந்து, இரவு கிளம்புகிறவர் பதினொரு மணிக்கே அந்த 17 மணி நேரத்தைத் தொட்டுவிடுகிறார். அப்போது கார் செங்கல்பட்டைக்கூடத் தாண்டியிருக்காது! ஒரு சொட்டு மதுவைத் தொடாத மனிதர், போலீஸ் ஊதச் சொன்னால் தைரியமாக ஊதுவார். மெஷின் பூஜ்யம்தான் காட்டும். தூக்கத்தைக் காட்டும் மெஷின் எந்தச் செக்போஸ்ட்டிலும் இல்லை.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் சுமார் 28 மீட்டர் ஓடும். நாலு நொடி கண் அசந்தால் 110 மீட்டர். அந்த 110 மீட்டரையும் யாருமே ஓட்டவில்லை என்று அர்த்தம். அதிலும் நள்ளிரவு இரண்டிலிருந்து ஐந்து, ஐந்தரை வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்குப் போகும் நேரம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். இதில் தூக்கத்தால் எத்தனை என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். தூங்கிவிட்டேன் என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?

பாட்டைச் சத்தமாக வைப்பது, ஜன்னலைத் திறந்துவிடுவது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான். காபி கொஞ்சம் உதவும். ஆனால், அது வேலை செய்ய இருபது நிமிடமாவது ஆகும். அதனால் காபியைக் குடித்துவிட்டு, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு இருபது நிமிடம் சீட்டைச் சாய்த்துத் தூங்கி எழுவதுதான் உருப்படியான வழி. அதுவும் அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குத்தான் தாங்கும்.

சம்பளத்துக்கு வண்டி ஓட்டும் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு 1961-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று 2025 வரை இருந்தது. நாளைக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் ஓட்டக் கூடாது என்று அது சொன்னது. ரயில் இன்ஜினில் லோகோ பைலட்டோடு இன்னொருவரும் இருப்பார். நெடுந்தூரப் பயணத்தில் வழியிலேயே ஆள் மாற்றுவார்கள். வீட்டு மாப்பிள்ளைக்குத்தான் எந்தச் சட்டமும் இல்லை. பகல் முழுக்க ஆபீஸ், ராத்திரி முழுக்க ஸ்டீயரிங், விடிந்ததும் மாமனார் வீட்டில் சிரித்த முகம்!

அப்போ ட்ரெயின்தான் பெஸ்ட்டா?

டிக்கெட் கிடைத்தால்!

முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது 2024 நவம்பர் 1-ம் தேதி முதல். இன்னும் பழைய ஞாபகத்தில் இருப்பவர்கள் நிறைய பேர். ஜனவரி 12-ம் தேதி இரவு ரயிலுக்கு டிக்கெட் வேண்டுமென்றால் நவம்பர் 13-ம் தேதி காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். தென்மாவட்ட ரயில்களில் பண்டிகை நாள் டிக்கெட் சில நிமிடங்களில் காலியாகிவிடும். உங்கள் ஐ.ஆர்.சி.டி.சி கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முன்னாலேயே முடித்துவிடுங்கள். அது இல்லாமல் புக்கிங் தொடங்கும் நேரத்தில் உள்ளேயே போக முடியாது. தட்கலுக்கும் அது கட்டாயம். தட்கல், பயணத்துக்கு முந்தின நாள் ஏ.சி-க்குக் காலை பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொரு மணி.

தட்கலை நம்பி இருப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. அது கிடைக்கவில்லை என்று தெரியும்போது கிளம்ப ஒரு நாள்தான் இருக்கும். ஆன்லைனில் எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் என்றால் இன்னும் மோசம். சார்ட் போட்ட பிறகுதான் தானாக கேன்சலாகி பணம் திரும்பும். அந்த நேரத்தில்தான் பல வீடுகளில், "விடு, காரை எடு, ராத்திரியே கிளம்பிடலாம்" என்ற முடிவு பிறக்கிறது. ஆற அமர யோசித்துக் காரில் போகிறவர்களைவிட, ரயில் கைவிட்டதால் கடைசி நிமிடத்தில் காரில் ஏறுகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. எங்கள் தீபாவளியும் அப்படி வெயிட்டிங் லிஸ்ட் 40-ல் நின்றுபோன டிக்கெட்டில் ஆரம்பித்ததுதான்.

பகல் ரயில்களை நாம் அதிகம் யோசிப்பதில்லை. சென்னை - நெல்லை வந்தே பாரத் 2023 செப்டம்பரில் வந்தது. சுமார் எட்டு மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறது. 2024 ஆகஸ்ட்டில் நாகர்கோவிலுக்கும் ஒன்று வந்தது. கட்டணம் தேர்ட் ஏ.சி-யைவிடக் கூடுதல்தான். நெல்லை வண்டி இரவில் போய்ச் சேர்வதால் ஜங்ஷனுக்கு யாராவது வர வேண்டியிருக்கும். பட்ஜெட் பார்ப்பவர்களுக்குப் பகலில் குருவாயூர் எக்ஸ்பிரஸும், மதுரை வரை போதுமென்றால் வைகையும் இருக்கின்றன. ஒரு பகல் போகிறதே என்று தோன்றும். காரில் இரவெல்லாம் விழித்து வந்து, மறுநாள் பகல் முழுக்கத் தூங்கினாலும் அந்தப் பகல் போனதுதானே?

வயதானவர்களை வைத்துக்கொண்டு முடிவெடுப்பதில் ஒரே பதில் கிடையாது. மூட்டுவலி இருப்பவருக்கு ரயிலில் லோயர் பெர்த் கிடைத்தால் சொர்க்கம். காலை நீட்டிப் படுக்கலாம், எழுந்து நடக்கலாம். அப்பர் பெர்த் விழுந்தால், யாரிடமாவது கெஞ்ச வேண்டும். புக் செய்யும்போது வயதைச் சரியாகக் கொடுத்து லோயர் பெர்த் கோட்டாவில் முயன்று பாருங்கள். மூத்த குடிமக்களுக்கும் 45 வயது தாண்டிய பெண்களுக்கும் அது உண்டு. ஆனால், ஒரே டிக்கெட்டில் குடும்பம் மொத்தத்தையும் சேர்த்தால் அந்தக் கோட்டா கிடைக்காது. பெரியவர்களுக்குத் தனி டிக்கெட் போடுங்கள். நிறைய பேர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள்.

சர்க்கரை இருப்பவர்களுக்கு, நினைத்த இடத்தில் நிறுத்தலாம் என்பது காரின் பெரிய பிளஸ்தான். ஆனால், நிறுத்துகிற இடத்தில் பாத்ரூம் எப்படி இருக்கிறது? ஆண்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. காரில் ஊருக்குக் கிளம்பும் அன்று மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் மூன்று பேர். ரயில் கழிவறையும் விடிந்த பிறகு பெருமைப்படும்படி இருக்காது. ஆனால், பத்தடி தூரத்தில் இருக்கிறது, இருட்டில் இறங்கி நடக்க வேண்டியதில்லை.

கார்தான் என்று முடிவானால்

முதல் விஷயம், ஆபீஸ் முடித்த கையோடு கிளம்பாதீர்கள். வீட்டில் படுத்துத் தூங்கி, அதிகாலை நாலரை, ஐந்துக்குக் கிளம்புங்கள். தாம்பரம், செங்கல்பட்டு நெரிசலும் அப்போது ஓரளவு குறைந்திருக்கும். திருச்சியில் மத்தியானச் சாப்பாடு, பொழுது சாய்வதற்குள் ஊர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடமாவது இறங்கி நடந்தே ஆக வேண்டும். ஓட்டத் தெரிந்தவர் இன்னொருவர் இருந்தால் தூரத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டில் லைசென்ஸ் வைத்திருக்கும் பெண்களிடம் ஹைவேயில் ஸ்டீயரிங்கைக் கொடுக்கத் தயங்குகிற அண்ணன்களே, இது உங்களுக்கும்தான்.

இன்னொருவர் இல்லையென்றால் ஆக்டிங் டிரைவர். பேட்டாவும் சாப்பாடும் சேர்த்து ஒரு தொகை ஆகும், பரவாயில்லை. ஆனால், பண்டிகை சீஸனில் அவரும் முந்தின இரவு வேறு வண்டி ஓட்டிவிட்டு வந்தவராக இருக்கலாம். "கடைசியா எப்போண்ணே தூங்கினீங்க?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பின்சீட்டில் இருப்பவர்களும் சீட் பெல்ட் போட வேண்டும் என்பது சட்டம். நாலு மாதக் குழந்தையை மடியில் வைத்து முன்சீட்டில் உட்காருவது பாசமாகத் தெரியலாம், ஆனால் மிக ஆபத்தான இடம் அதுதான்.

தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108. இந்த இரண்டும் ஓட்டுபவர் போனில் மட்டுமல்ல, பின்சீட்டில் இருப்பவர் போனிலும் இருக்கட்டும். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டமும் இருக்கிறது. 2021 டிசம்பரில் அதைத் தொடங்கிவைத்த இடம், நாம் ஊருக்குப் போகும் இதே சாலையில் உள்ள மேல்மருவத்தூர்தான்.

எல்லாரும் ஒரே வண்டியில் போக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். கிடைத்த கன்ஃபர்ம் டிக்கெட்டில் பெரியவர்களும் கூட ஒருவரும் ரயிலில் போகட்டும். லக்கேஜோடு இளவட்டம் பகலில் காரில் வரட்டும். அல்லது மொத்தக் குடும்பமும் ரயிலில் போய், ஊரில் இரண்டு நாளைக்கு மட்டும் வாடகைக்கு வண்டி எடுக்கலாம்.

இந்த முறை எங்கள் வீட்டில் மூன்று டிக்கெட் கன்ஃபர்ம் ஆகியிருக்கிறது. அம்மா, சித்தி, நான். அம்மாவுக்கு லோயர் பெர்த்தே கிடைத்துவிட்டது. அக்கா குடும்பம் காரில் வருகிறது, அதிகாலையில் கிளம்பி. அதற்காக அத்தான் முந்தின நாள் மத்தியானத்துக்கு மேல் லீவு போட்டிருக்கிறார். "லீவுக்கு என்ன காரணம் எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"தூங்கணும்னு எழுதினா தருவாங்களா? சொந்த வேலைன்னு போட்டிருக்கேன்" என்றார்.